தோள் தைத்த பிறகு: நிறை கூடியவர்களுக்குத் தசைநாண் ஒட்டாதா?

கேள்வி: 2025 மார்ச் 3, காலை

அப்பாவுக்கு வயது 61, உயரம் 170 சென்ரிமீற்றர், நிறை 104 கிலோ. வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை. டிசம்பரில் மேல் தட்டிலிருந்து அரிசி மூட்டையை இழுத்தபோது வலது தோளில் ஏதோ 'படக்' என்றதாம். தோளைச் சுற்றித் தசைகளை எலும்போடு இணைக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாண் முழுதாகக் கிழிந்திருக்கிறது என்று எம்.ஆர்.ஐ அறிக்கை சொல்கிறது. எலும்பு வைத்தியர், "20 கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள், இந்த உடம்பில் தைத்தாலும் ஒட்டாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா அன்றிலிருந்து இரண்டு நேரம் பப்பாசிப்பழம் மட்டும் சாப்பிடுகிறார். வைத்தியர் சொன்னது உண்மையா? தோள் தைத்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

பதில்: மார்ச் 3, பிற்பகல்

முதலில் பப்பாசிப்பழத்தை நிறுத்துங்கள் தம்பி. மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

மார்ச் 3, இரவு

வகுப்புப் பிள்ளைகள் போய்விட்டார்கள், இனி ஆறுதலாக எழுதலாம். எனக்கு 57 வயது, 158 சென்ரிமீற்றர், 91 கிலோ. இரசாயனவியல் படிப்பிக்கிறேன், கரும்பலகையில் உயர்த்தி எழுதியே தேய்ந்த வலது தோள். துளைவழிச் சத்திரசிகிச்சையில் தைத்தார்கள், ஒட்டியது. என் ஒரு தோளை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் "ஒட்டாது" என்று அடித்துச் சொல்பவருக்கு மறுப்புச் சொல்ல ஒரு தோள் போதும்.

தோளைச் சுற்றி நான்கு தசைகள் இருக்கின்றன. பெரும்பாலும் கிழிவது மேற்புறமாக ஓடும் சுப்ராஸ்பினேட்டஸின் தசைநாண். வைத்தியர் எலும்பில் சிறு நங்கூரங்களை இறக்கி, அவற்றில் கோத்த நூலால் கிழிந்த நுனியை இழுத்து எலும்போடு அழுத்திக் கட்டுகிறார். நூல் இடைக்காலக் காவல்தான். ஒட்ட வைக்க வேண்டியது உடம்பு. முதலில் சில நாள் அழற்சி, பிறகு சில வாரம் புதுத் திசு இடுவது, அதன்பின் மாதக்கணக்கில் அதைச் சீர்ப்படுத்துவது என்று வேலை நடக்கிறது. இயற்கையாக இருந்த இணைப்பில் தசைநாண், குருத்தெலும்பு, சுண்ணாம்பேறிய குருத்தெலும்பு, எலும்பு என நான்கு படை உண்டு. தைத்த இடத்தில் அந்த நான்கு படையும் மீண்டு வருவதில்லை, தழும்புத் திசுதான் வருகிறது. இது ஒல்லியான ஆளுக்கும் பொருந்தும்.

நிறைக்கு இதில் எவ்வளவு பங்கு? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2010இல் ஓர் அமெரிக்கக் குழு, உடற்பருமன் தனித்து நின்று முடிவைக் கெடுக்கவில்லை என்று எழுதியது. அடுத்த ஆண்டே அதே சஞ்சிகையில் இன்னொரு குழு, பருமனானவர்களுக்குச் சத்திரசிகிச்சை நேரம் நீண்டது, வைத்தியசாலையில் கூட நாள் தங்கினார்கள், கையும் மற்றவர்கள் அளவுக்கு மீளவில்லை என்று எழுதியது. பிறகு வந்தவையும் இந்த இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கின்றன. வயது, கிழிசலின் அளவு, தசையின் நிலை ஆகிய மூன்றிலும் இந்த இழுபறி இல்லை. வயது கூடினால், கிழிசல் பெரிதானால், தசை கெட்டுப்போனால் ஒட்டும் வாய்ப்புக் குறையும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். உங்கள் கேள்வியில் அந்த மூன்றில் வயதை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். கிழிசல் எத்தனை சென்ரிமீற்றர்? அறிக்கையில் இருக்கும், பாருங்கள்.

மார்ச் 4

"20 கிலோ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது ரீச்சர்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நானும் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். 104 கிலோவை 1.7 மீற்றரின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ (உடல் நிறைச் சுட்டெண்) 36. 20 கிலோ குறைந்தால் 84, அப்போது பி.எம்.ஐ 29. அதாவது 30 என்ற உடற்பருமன் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஆசிய உடம்புக்கு 23, 27.5 என்ற இடங்களிலேயே கவனம் தேவை என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. அந்தக் கோட்டின்படி 84 கிலோவும் கூடுதல்தான். ஆகவே 20 என்பது அட்டவணையிலிருந்து வந்த எண். அப்பாவின் தோளைத் திறந்து பார்த்து வந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் போன இடத்தில் தாதி என் நிறையை நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கூவினார். உள்ளே வைத்தியர் தோளைத் தொடாமலே பேசி முடித்தார். பருத்தவர்களுக்குக் காது வலித்தாலும் காரணம் நிறைதான் என்று ஒரு கூட்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 5

அளவு வந்துவிட்டது: 2.5 சென்ரிமீற்றர். நடுத்தரக் கிழிசல். 1 முதல் 3 வரை நடுத்தரம், 3 முதல் 5 வரை பெரியது, அதற்கு மேல் மிகப் பெரியது என்று பிரிப்பார்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 104 கிலோ ஆள் 20 கிலோவை உடம்பு கெடாமல் குறைக்க ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடமும் தோள் காத்திருக்காது. எலும்பிலிருந்து விடுபட்ட தசை உள்ளே சுருங்குகிறது, வேலை இல்லாமல் மெலிகிறது, மெலிந்த இடத்தில் கொழுப்பு ஏறுகிறது. கூட்டாலியே என்ற பிரெஞ்சு வைத்தியர் 1994இல் சி.ரி. படங்களைப் பார்த்து இதைப் பூச்சியம் முதல் நான்கு வரை தரம் பிரித்தார். பூச்சியத்தில் கொழுப்பே இல்லை. இரண்டில் கொழுப்பைவிடத் தசை கூட. மூன்றில் இரண்டும் சமம். நான்கில் தசையைவிடக் கொழுப்புக் கூட. இப்படி ஏறிய கொழுப்புத் தைத்த பிறகும் பெரும்பாலும் இறங்குவதில்லை. மூன்று, நான்கு என்று போய்விட்டால் தைப்பதில் பயன் குறைவு என்று வைத்தியர்களே பின்வாங்குவார்கள்.

இந்தத் தசைக் கொழுப்பையும் வயிற்றுக் கொழுப்பையும் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டாம். 45 கிலோ பாட்டியின் தோளிலும் தசைநாண் விடுபட்டால் இது ஏறும். பட்டினி கிடந்து இதை இறக்கவும் முடியாது. வயதோடு மெல்ல மெல்லத் தேய்ந்து கிழிந்த தோள் என்றால் பிசியோ செய்துகொண்டு பொறுத்திருக்கலாம்; அறுபதைத் தாண்டிய பலருக்கு வலியே இல்லாத கிழிசல்கள் உண்டு. மூட்டையை இழுத்து ஒரே நாளில் கிழிந்து, அன்றிலிருந்து கை உயரவில்லை என்றால் கதை வேறு. அதில் மாதங்களை வீணாக்கக்கூடாது. தம்பி, வேறொரு தோள் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மார்ச் 9

"நிறை காரணமில்லை என்று ரீச்சரே சொல்லிவிட்டார்" என்று ஒருவர் கொண்டாடிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். நிறை தனியே வருவதில்லை, கூட்டத்தோடு வருகிறது.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சரக்கில்லை, சுரக்கும் உறுப்பு. லெப்டின், இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப் ஆல்ஃபா என்று பல பொருட்களை இரத்தத்தில் விடுகிறது. உடம்பில் எந்நேரமும் ஒரு மெல்லிய அழற்சி புகைந்துகொண்டே இருக்கிறது. காயம் ஆற அழற்சி தேவைதான். ஆனால் அது வர வேண்டிய நேரத்தில் வந்து, போக வேண்டிய நேரத்தில் போக வேண்டும். போகாமல் இழுபட்டால் நல்ல திசுவுக்குப் பதிலாகத் தடித்த தழும்பு சேரும்.

அடுத்தது சீனி. இது என் பாடம், எனவே கொஞ்சம் நீளும். குளுக்கோசு புரதத்தோடு தானாகவே, நொதியம் எதுவும் இல்லாமலே சேரும். 1912இல் மெயிலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த தாக்கம் இது. போறணையில் பாண் தோல் பழுப்பாவது இந்தத் தாக்கத்தால்தான். போறணையில் சில நிமிடங்களில் நடப்பது உடம்பின் சூட்டில் வருடக்கணக்கில் நடக்கிறது. செங்குழியத்தில் இருக்கும் ஈமோகுளோபினில் சேர்ந்தால் அதை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி என்று உங்கள் கையில் தாளாகத் தருகிறார்கள். கொலாஜனில் சேர்ந்தால் யாரும் அளப்பதில்லை. கொலாஜன் இழைகளுக்குக் குறுக்கே பிணைப்புகள் விழுகின்றன. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டிய இடத்தில் இறுகிக்கொள்கின்றன. தசைநாண் என்பது பெரும்பகுதி கொலாஜன். விளைவை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

2015இல் வந்த ஒரு கொரிய ஆய்வில், தோள் தைத்தபின் மறுபடி கிழிந்தவர்கள் நீரிழிவு இல்லாதவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம், உள்ளவர்களில் ஏறத்தாழ 36 சதவீதம். நீரிழிவு உள்ளவர்களிலும் எச்பிஏ1சி 7க்கு மேல் இருந்தவர்களுக்குத்தான் கூடக் கிழிந்தது. நிறையைப் பற்றிய ஆய்வுகளில் இப்படி ஒரு இடைவெளியை நான் பார்த்ததில்லை. இலங்கையில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. கொழும்பில் அதைவிடக் குறைய வாய்ப்பே இல்லை; காலி வீதியில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தாலே தெரியும்.

தம்பி, 20 கிலோ பற்றி ஒரு பந்தி எழுதினீர்கள். அப்பாவின் எச்பிஏ1சி எவ்வளவு?

மார்ச் 9, இரவு

9.4!

பப்பாசிப்பழம் இரண்டு நேரம். எனக்குப் பேச்சு வரவில்லை.

மார்ச் 10

ஆட்டுக்கால் சூப் குடித்தால் தசைநாண் வளரும், அதில் கொலாஜன் இருக்கிறது என்று எழுதியவருக்கு: கொலாஜன் இருக்கிறது, உண்மை. வயிறு அதை அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். ஆட்டின் முழங்கால் உங்கள் தோளுக்கு வழி கேட்டுக்கொண்டு போகாது. சூப் நல்லது, குடியுங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளி எடுத்துவிட்டுக் குடியுங்கள்.

புரதம் வேண்டும் என்ற கருத்தில் அவர் பக்கம்தான் நானும். புதுத் திசு இடும் வாரங்களில் பட்டினி கிடப்பவர், கட்டுமானத்துக்கு வேண்டியதை உடம்புக்குக் கொடுக்காமல் விடுகிறார். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் சூரை மீனில் 20க்கு மேல். சோற்றைக் குறைத்து மீனையும் பருப்பையும் கூட்டினால் சீனியும் இறங்கும், தசையும் நிற்கும். நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

மார்ச் 16

ஒன்பதாம் தேதி எழுதியதை நானே திரும்பப் படித்தேன். "சீனியை இறக்கினால் போதும்" என்ற தொனி அதில் இருக்கிறது. அவ்வளவு லேசாக இல்லை.

2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார்கள். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததில் வளிமண்டலத்தில் காபன்-14 என்ற கதிரியக்கக் காபன் ஏகமாகக் கூடி, பிறகு ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஒரு திசுவில் இருக்கும் காபன்-14ஐ அளந்தால் அந்தத் திசு எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். குதிக்கால் தசைநாணின் நடுப்பகுதியை அப்படி அளந்தார்கள். ஏறத்தாழ 17 வயதோடு அது உருவாகி முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. குண்டு வெடித்தவர்களுக்கு இப்படி ஒரு பயன் வரும் என்று தெரிந்திருக்காது.

எங்கள் கணக்குக்கு இதன் பொருள் என்ன? செங்குழியம் ஏறத்தாழ 120 நாளில் மாறிவிடும், அதனால் மூன்று மாதம் கட்டுப்பாடாக இருந்தால் எச்பிஏ1சி இறங்கிவிடும். தோளின் தசைநாணும் குதிக்கால் போலத்தான் என்றால், இருபது வருடச் சீனி வருத்தத்தின் கறை அதில் அப்படியே நிற்கும். 2018இல் எலிகளில் பார்த்த ஒரு ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. கொழுப்புணவு கொடுத்துப் பருக்க வைத்த எலிகளைச் சாதாரண உணவுக்கு மாற்றினார்கள். சீனி சரியாகிவிட்டது, பாதத்தை மடக்கும் தசைநாண்களில் ஏற்பட்ட கேடு மட்டும் திரும்பவில்லை.

அப்படியானால் சீனியை இறக்கி என்ன பயன் என்று கேட்பீர்கள். நான் யோசித்த வரையில்: பழைய தசைநாண் பழையதுதான், அதை மாற்ற முடியாது. தைத்த இடத்தில் எலும்போடு சேர்க்கப்போகும் திசு இனிமேல் உருவாகப்போவது. அது எந்த இரத்தத்தில் வளர்கிறது என்பது எங்கள் கையில் இருக்கிறது. காயத்தில் கிருமி பிடிக்காமல் இருப்பதும் அதே சீனியில்தான் தங்கியிருக்கிறது. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்குப் பொருந்தும் என்றும் இல்லை.

ஏப்ரல் 6

நல்ல செய்தி. இரண்டாவது வைத்தியர் அப்பாவின் தோளை நேரம் எடுத்துப் பார்த்திருக்கிறார். தசைக் கொழுப்பு இரண்டாம் தரம், இப்போது தைக்கலாம், ஒரு வருடம் தள்ளினால் உறுதி சொல்ல முடியாது என்றாராம். நிறைக்கு இலக்கு வைக்கவில்லை. எச்பிஏ1சி 8க்குக் கீழே வர வேண்டும், சிகரெட்டை நிறுத்த வேண்டும். (சிகரெட்டா! அதையும் இன்றுதான் சொல்கிறீர்கள் தம்பி. நிக்கொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தசைநாண் நுனிக்கு ஏற்கெனவே இரத்தம் குறைவு.) ஜூனில் திகதி.

ஜனவரியில் அப்பாவின் தோளில் ஸ்டீரொயிட் ஊசி போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஊசி சீனியைச் சில நாட்களுக்கு ஏற்றும். சத்திரசிகிச்சைக்கு முந்திய ஒரு மாதத்துக்குள் போட்டால் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பும் கூடும். வலிக்கிறது என்று மே மாதத்தில் யாரிடமும் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல் 15

புத்தாண்டுப் பலகாரத் தட்டைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டு எழுதுகிறேன். கொக்கிஸ் இரண்டு என் பக்கம் நின்றுவிட்டது.

மெலிவதற்கான வாராந்த ஊசி, செமாகுளுடைட், போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். போடலாமா என்பதை உங்கள் நீரிழிவு வைத்தியர் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த இரண்டு விஷயம்: இந்த மருந்து வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். இரவு முழுக்கச் சாப்பிடாமல் போனாலும் வயிற்றில் உணவு கிடக்கலாம், மயக்க நிலையில் அது மேலேறி நுரையீரலுக்குப் போகலாம். 2023இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம், வாராந்த ஊசியைச் சத்திரசிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னதாக நிறுத்தச் சொன்னது. 2024இல் பல சங்கங்கள் சேர்ந்து அதைத் தளர்த்தி, ஆளுக்கு ஆள் பார்த்து முடிவெடுக்கலாம் என்றன. எப்படியானாலும் மயக்க மருந்து வைத்தியரிடம் மறைக்கக்கூடாது. இரண்டாவது, வேகமாக நிறை இறங்கும்போது தசையும் சேர்ந்து இறங்கும். தோள் ஆற வேண்டிய மாதங்களில் அது நட்டம்.

மே 13

வெசாக் தன்சலில் (இலவச உணவுப் பந்தலில்) அப்பா சோறும், மரவள்ளிக்கிழங்கும், ஐஸ்கிறீமும் எடுத்துக்கொண்டார் என்று மகன் புகார் எழுதியிருக்கிறார். மூன்று வரிசையிலும் நின்றாரா? அப்படியானால் நடையாவது நடந்திருக்கிறார். எச்பிஏ1சி 7.8க்கு வந்துவிட்டது என்பதால் இந்த முறை மன்னிக்கலாம்.

ஒன்றைக் கேட்க வேண்டும். அப்பா குறட்டை விடுவாரா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா? தோள் சத்திரசிகிச்சைக்குக் கழுத்தடியில் ஒரு மரக்கும் ஊசி போடுவார்கள். வலி தெரியாமல் இருக்க அதைப்போல நல்லது இல்லை. ஆனால் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் ஓடுகிறது. வழக்கமான அளவில் மருந்து போட்டால் அந்தப் பக்கத்து உதரவிதானம் ஏறத்தாழ எல்லாருக்கும் சில மணி நேரம் வேலை செய்யாது. மெலிந்தவருக்கு அது தெரியாமலே போகும். பெரிய வயிறும் தூக்க மூச்சுத் திணறலும் உள்ளவருக்கு மூச்சு முட்டும். எனக்கு முட்டியது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். தலைப்பக்கத்தை உயர்த்திய பிறகுதான் சரியானது. முன்கூட்டியே சொன்னால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறு இடத்தில் போடுவார்கள். நிறையைப் பற்றிப் பேசுகிற வைத்தியர்கள் இதைப் பேசினால் உபயோகமாக இருக்கும்.

ஜூன் 8

அடுத்த வாரம் சத்திரசிகிச்சை. தைத்த தோளைக் கெடுப்பதில் முதலிடம் கதிரைக்குத்தான் என்பது என் கட்சி. ஆய்வு காட்டச் சொல்லாதீர்கள், அனுபவம்.

பருத்த ஆள் தாழ்ந்த கதிரையிலிருந்து எப்படி எழுகிறார் என்று உற்றுப் பாருங்கள். இரண்டு கைப்பிடியையும் பிடித்து, முன்னே சாய்ந்து, கைகளில் முழுப் பாரத்தையும் போட்டுத் தள்ளுகிறார். அந்த ஒரு நொடி தோள் சுமப்பது அரிசி மூட்டைக்குக் குறையாது. நித்திரைக் கலக்கத்தில், மலசலகூடத்தில், கட்டிலில் எங்கேயும் கை தானாக ஊன்றப் பார்க்கும். ஆகவே இப்போதே, கை நன்றாக இருக்கும்போதே, இடது கையை மட்டும் ஊன்றியும் ஊன்றாமலும் எழுந்து பழகச் சொல்லுங்கள். கொமட்டுக்கு மேல் வைக்கும் உயரமான இருக்கை மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும், வாங்குங்கள். சாய்மனைக் கதிரை படுக்க நல்லதுதான், முதல் வாரங்களில் பலருக்குக் கட்டிலைவிட அதில்தான் நித்திரை வரும். ஆனால் அதிலிருந்து எழ ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். கைப்பிடி உயரமான மரக் கதிரைக்கு அடியில் கட்டை வைத்து ஏற்றினால் இன்னும் நல்லது.

100, 101 இலக்க பஸ்களில் ஏறவே வேண்டாம். ஏறினால் மேல் கம்பியைத் தேடும் கை எது என்று உங்களுக்கே தெரியும்.

கையைத் தாங்கும் கைத்தொட்டிலை அளவு பார்த்து வாங்குங்கள். எனக்கு முதலில் தந்தது சிறிசு. முழங்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது, பட்டி கழுத்து மடிப்பில் வெட்டியது. பட்டியின் கீழே பழைய பருத்திச் சேலைத் துண்டை மடித்து வைத்தேன். கொழும்பு வெக்கையில் அக்குளில் வியர்த்து இரண்டே நாளில் சிவந்து கடிக்கத் தொடங்கும். முன்னுக்குக் குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் அக்குள் தானாகத் திறக்கும். ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, மெல்லிய துணி ஒன்றை இடையில் வைக்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தித் துடைக்கக்கூடாது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: முன்னால் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டைகள் சிலவற்றை முதலே தைத்து வைத்துக்கொள்ளுங்கள். தலை பின்ன ஒருவரைப் பிடித்து வையுங்கள். எனக்கு என் கணவர் பின்னினார். அதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

ஜூன் 22

நான்கு நங்கூரங்கள், எல்லாம் நன்றாக முடிந்தது. மகிழ்ச்சி.

கைப்பிடியை ஊன்றி எழுந்துவிட்டார், என்ன செய்வது என்று இரவு பதினொரு மணிக்கு எழுதியிருக்கிறீர்கள். படக் என்ற சத்தமோ, புதிதாக ஒரு வலியோ வந்ததா? இல்லை என்றால் பதற வேண்டாம், காலையில் வைத்தியருக்கு அறிவியுங்கள். வந்தது என்றால் உடனே காட்டுங்கள். அந்தக் கதிரையை வீட்டிலிருந்து அகற்றுங்கள்.

ஜூலை 13

"வெறும் கையை உயர்த்துவதில் என்ன பாரம்" என்று அப்பா பிசியோவிடம் சண்டை பிடிக்கிறாராம். ஒருவரின் முழுக்கை அவருடைய நிறையில் ஏறத்தாழ 5 சதவீதம். அப்பா இப்போது 97 கிலோ என்றால் அவருடைய வெறும் கை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து கிலோ சீனிப் பொதியை நீட்டிப் பிடிப்பது என்றால் கடைக்காரருக்குப் புரியும். ஆறு வாரம்வரை பிசியோ உயர்த்தட்டும், அப்பா சும்மா இருக்கட்டும். பாரப் பயிற்சி மூன்று மாதத்துக்குப் பிறகுதான்.

செப்டம்பர் 21

அல்ட்ராசவுண்ட் பார்த்தார்களாம், தசைநாண் எலும்பில் இருக்கிறது. மறுபடி கிழிவது பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கும், எனவே கடையில் மூட்டைப் பக்கம் இன்னும் போக வேண்டாம். அப்பா 95 கிலோ. முதல் வைத்தியர் சொன்ன 84 இன்னும் தூரத்தில் இருக்கிறது.

இதே கிழமையில் இன்னொருவர் தன் மாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறார்: 48 கிலோ, பதினைந்து வருட நீரிழிவு, பெரிய கிழிசல், தைத்த ஐந்தாம் மாதத்தில் திறந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன், இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாது. மாமிக்கு ஓர் ஆறுதல்: 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் பெரிய, மிகப் பெரிய கிழிசல்களைத் தைத்த 18 பேரில் 17 பேருக்கு ஒரு வருடத்தில் மறுபடி கிழிந்திருந்தது. அப்படியிருந்தும் பெரும்பாலானோருக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது, கையும் முன்னைவிட உயர்ந்தது. காலப்போக்கில் அந்தப் பலன் கொஞ்சம் தேய்ந்ததும் உண்மை. படத்தில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக உடனே மறுபடி மேசையில் ஏற வேண்டியதில்லை. மாமிக்கு இப்போது வலி எப்படி, கை எதுவரை உயர்கிறது, அதை எழுதுங்கள்.

செப்டம்பர் 23

தலைக்குமேல் உயராது, ஆனால் வலி இல்லை, தலை வாருகிறார் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் பிசியோவைத் தொடருங்கள், சீனியைப் பாருங்கள், அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

சித்தாலேப மூலிகைத் தைலம் பூசலாமா என்ற கேள்வி இந்த இழையில் எப்போது வரும் என்று மார்ச்சிலிருந்து காத்திருந்தேன், இன்று வந்துவிட்டது. துளைக் காயங்கள் முழுதாக மூடும்வரை எதையும் பூச வேண்டாம். மூடிய பிறகு பூசுங்கள், மணமாக இருக்கும், கழுத்துப் பிடிப்புக்கு இதமாகவும் இருக்கும். தசைநாண்வரை அது இறங்காது. தேய்ப்பவர் தோளைப் பிடித்து முறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.